அரிச்சல்முனைக் காற்றுக்கு என்ன கண்ணாடி?

ஆடிக் காற்றில் தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார்ச்சாலை, அதன் குறுக்கே சரசரவென்று ஓடும் மணல். எனக்கோ ஏற்கெனவே கண் உலர்வு. சாதாரண கூலிங் கிளாஸ் எதிர்காற்றைத் தடுத்தது. பக்கவாட்டில் நுழைந்த காற்று கண்ணைக் கரகரவென்று ஆக்கிவிட்டது.

அதனால் நிறத்தை விட வளைவைப் பாருங்கள். நெற்றிப்பொட்டு வரை சுற்றி வளைந்து, புருவத்திலும் கன்னத்திலும் இடைவெளி விடாமல் உட்கார வேண்டும். கடையிலேயே போட்டுக்கொண்டு ஃபேன் முன்னால் தலையை இடமும் வலமும் திருப்புங்கள். இமையோரம் சில்லென்றால் அது வேண்டாம். உள்விளிம்பில் ஸ்பாஞ்ச் வைத்த வகை இன்னும் நல்லது. ஆனால் நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஆவி படியும். சின்னக் காற்றுத்துளைகள் உள்ளதாக எடுங்கள்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக, புற ஊதாக்கதிரைத் தடுக்கும் ‘யுவி 400’ உள்ளதாக இருக்கட்டும். அது இல்லாத வெறும் கறுப்பு லென்ஸ் மோசம்: இருட்டுக்குக் கண்மணி விரியும், புற ஊதாக்கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

அப்புறம், உப்புப் படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கீறிவிடும். முதலில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.