கரையோரக் கிராமத்துக்குக் கடல்நீரிலிருந்து குடிநீர்: சிறு நிலையம் அமைக்க எண்ணும் சங்கங்களுக்கான வழிகாட்டி

கிழக்கிலங்கையின் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் மருதமுனையிலும் மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியவர் இல்லாத தெரு அரிது. குவைத்திலும் சவூதியிலும் தாம் குடித்த குழாய்நீர் கடலிலிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே, கோடையில் கிணறு சவர்த்துப்போய், பௌசர் வரும்வரை குடங்கள் வரிசையில் கிடக்கும் நாட்களில், அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி ஊர்க்கூட்டங்களில் எழுவது இயல்பு. முடியும் என்பதே விடை. எனினும் அந்த நாடுகளின் நிலைமையும் நமது நிலைமையும் ஒன்றல்ல என்பதை மனத்தில் வைத்துத்தான் திட்டத்தைத் தொடங்க வேண்டும்.

சவூதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அங்குள்ள ரஸ் அல் கைர் நிலையம் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் கன மீற்றருக்கு மேற்பட்ட நீரைத் தரும் கொள்ளளவு கொண்டது. கோடை, மாரி என்ற பேதமின்றி அது ஓடிக்கொண்டிருப்பதால், அதற்கு இட்ட பெருமுதல் ஒவ்வொரு லீற்றரிலும் சிறிது சிறிதாகப் பங்கிடப்படுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்திலோ ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் சனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நமக்குத் தட்டுப்பாடு கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் கோடை மாதங்களில்தான். எனவே இங்கே அமைக்கப்படும் நிலையம் சிறியதாகவும், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நீர் தருவதாகவும், கோடைக்கு மட்டும் ஓடுவதாகவும் இருக்க வேண்டும். குளிப்பு, துவைப்பு, தோட்டம் அனைத்தையும் கடல்நீர் நிலையத்தின் தலையில் ஏற்றும் திட்டம் மின்கட்டணத்திலேயே கவிழ்ந்துவிடும்.

முதலில் கிணற்றை அளத்தல்

இயந்திரத்தின் விலையை விசாரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கடலிலிருந்து நேரே நீர் எடுப்பதா, உவர்க் கிணற்று நீரைச் சுத்திகரிப்பதா என்ற முடிவில்தான் செலவின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. நீரில் கரைந்துள்ள உப்பு முழுவதையும் காட்டும் டி.டி.எஸ். மீற்றர் ஒன்றை வாங்கி, ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் ஊரின் எல்லாப் பொதுக்கிணறுகளையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சனவரியில் எடுத்த அளவு ஏமாற்றிவிடும். அப்போது மழைநீர் மேலே நிற்கும். குடிநீருக்கான இலங்கைத் தர நிர்ணயம் (SLS 614) ஒரு லீற்றருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. வங்கக் கடலின் நீரிலோ அது 35,000 மில்லிகிராமை அண்டி நிற்கும். கோடையின் உச்சத்தில் ஒரு கிணறு 3,000 அல்லது 5,000 காட்டினால் அது குடிக்க உதவாது. ஆனால் இயந்திரத்துக்கு அது கடல்நீரைவிடப் பன்மடங்கு இலகுவான நீர்.

காரணம் அமுக்கம். உப்புநீரை நுண்ணிய மென்சவ்வு ஒன்றின் ஊடாகத் தள்ளி, உப்பை இப்பால் நிறுத்தி நீரை மட்டும் அப்பால் அனுப்புவதே ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறை. 1959இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய மென்சவ்வே இதை ஆய்வுகூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. மென்சவ்வினூடாக நீர் தள்ளப்படுவதை எதிர்க்கும் சவ்வூடுபரவல் அமுக்கம் கடல்நீருக்கு இயல்பாகவே ஏறத்தாழ 27 பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு) உண்டு. அதை வென்று போதிய நீர் பெற 55 முதல் 70 பார் வரை தேவை. 5,000 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீருக்கு அந்த இயல்பு அமுக்கம் 4 பார் அளவே என்பதால், 10 முதல் 20 பாருக்குள் வேலை முடியும். ஆகவே சிறு நிலையத்தில் ஒரு கன மீற்றர் நீருக்கு உவர்க்கிணறாயின் 1 முதல் 2 அலகு மின்சாரமும், கடலாயின் 6 முதல் 8 அலகும் செலவாகும். பெருநிலையங்கள் வெளியேறும் உவர்நீரின் அமுக்கத்தை மீட்டெடுக்கும் கருவிகளால் இதனை 3 முதல் 4 அலகாகக் குறைத்துவிடுகின்றன. சிறு நிலையத்துக்கு அந்தக் கருவி பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

எனினும் கிணற்றை நம்பி மட்டுமீறி இறைக்கவும் கூடாது. நமது மணற்கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேல்மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால் கீழிருந்து உப்பு 20 மீற்றர் ஏறி வரும். 2004 சுனாமிக்குப் பின் கல்லடி, நாவலடிப் பக்கக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் பலவற்றில் சவர் இறங்காததையும், பின்வந்த மாரிகளே அவற்றைக் கழுவியதையும் கரையோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பம்பியை நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்து, மாலையில் மீற்றர் காலையைவிட மிக உயர்ந்து நின்றால், அந்தக் கிணற்றை விட்டுவிட்டுக் கடலை நாடுவதே நல்லது.

அளவைத் தீர்மானித்தல்

ஆளொருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 10 லீற்றர் என்று கொள்ளலாம். 300 குடும்பங்களும் குடும்பத்துக்கு நால்வரும் எனின் 12,000 லீற்றர், அதாவது 12 கன மீற்றர். கடல்நீரில் நூற்றுக்கு 40 பங்கு நன்னீராகும் என்று கணக்கிட்டால், நாளுக்கு 30 கன மீற்றர் கடல்நீர் எடுக்க வேண்டும். 18 கன மீற்றர் செறிந்த உவர்நீராக வெளியேறும். நன்னீர் கன மீற்றருக்கு 6 அலகு வீதம் 72 அலகு மின்சாரம் தேவை. ஒரு கிலோவோற்று சூரியத்தகடு நாளுக்கு 4 அலகு தரும் என்பதால் 18 கிலோவோற்று போதும். இங்கே ஒரு யோசனையை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மின்கலங்களுக்குப் பணம் கொட்டாதீர்கள். வெயில் உள்ளபோது இயந்திரத்தை ஓட்டி நீரைத் தாங்கியில் நிரப்பிக்கொள்ளுங்கள். மின்சாரத்தைச் சேமிப்பதைவிட நீரைச் சேமிப்பது எப்போதும் மலிவு. நமக்குத் தட்டுப்பாடு வருவதும் வெயில் கொளுத்தும் மாதங்களில்தான்.

நீரெடுப்பும் முன்சுத்திகரிப்பும்

கடலுக்குள் குழாயை நேரே நீட்டுவது எளிதாகத் தோன்றும். மாரி அலை அதைப் பிடுங்கி எறியும். பாசியும் சிப்பியும் உள்ளே குடியேறும். கரைவலை இழுக்கும் இடத்தில் அது பெரும் தொல்லையாகும். அலைக்கரைக்குச் சற்று உள்ளே மணலில் கிணறு தோண்டி, கடல்நீரை மணலினூடாக ஊறவைத்து எடுப்பதே நமது கரைக்குப் பொருந்தும். மணலே முதல் வடிகட்டியாகிறது. வாவியிலிருந்து எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: வாவி நீரில் சேறும் அழுகிய தாவரமும் நகரக் கழிவும் கலந்திருக்கின்றன, மென்சவ்வு விரைவில் அடைபடும்.

கிணற்றிலிருந்து வரும் நீர் மணல் வடியைக் கடந்து, 5 மைக்ரோன் துளையுள்ள வடிதிரியை அடையும். நிலையத்தின் உடல்நலத்தை அறிய இந்தத் திரியைவிட நல்ல இடமில்லை. புதிதாகப் போடும்போது அது வெள்ளை வெளேரென்று இருக்கும். உறையின் இருபுறத்து அமுக்கமானிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். நாள் செல்லச் செல்ல உட்புகும் பக்கத்து முள் ஏறும். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு பாரைத் தாண்டியவுடன் கழற்றிப் பார்த்தால் திரி தேயிலைச் சாயம் ஏறி, தொடும்போது வழுவழுப்பாக இருக்கும். அப்போதே மாற்றிவிட வேண்டும். கழுவித் திரும்பப் போடுவது சிக்கனமல்ல, ஏனெனில் அதனூடாகத் தப்பும் அழுக்கு அடுத்து மென்சவ்வில்தான் படியும், மென்சவ்வின் விலையோ திரியின் விலையைப் போல் பல மடங்கு. மாற்றிய தேதியை எழுதிவையுங்கள். முன்பு வாரக்கணக்கில் தாங்கிய திரி திடீரெனச் சில நாட்களிலேயே அடைபட்டால் மணல் வடியிலோ கிணற்றிலோ கோளாறு உண்டு.

கிருமி ஒழிப்புக்காக உட்புகும் நீரில் குளோரின் கலப்பவர்கள், அது மென்சவ்வை அடைவதற்கு முன் சோடியம் மெற்றாபைசல்பைற்று இட்டு முற்றாக நீக்க வேண்டும். இன்று விற்பனையிலுள்ள பொலிஅமைட்டு மென்சவ்வுகள் குளோரினால் அரிக்கப்படும். அந்தச் சேதத்தைத் திருத்த வழியில்லை. மணற்கிணற்று நீருக்குப் பெரும்பாலும் இந்தக் குளோரினே தேவைப்படாது. உயர் அமுக்கக் குழாய்களுக்குச் சாதாரண எவர்சில்வர் உதவாது. கடல்நீரைத் தாங்கும் உயர்தரத் துருப்பிடியா உருக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாலையும் நிறுத்தும்போது, தயாரித்த நன்னீரையே உட்செலுத்தி உவரைக் கழுவி வெளியேற்றிய பின்னரே ஆளியை அணைக்க வேண்டும்.

குடத்துக்குப் போகுமுன்

வெளிவரும் நீரில் 200 முதல் 400 மில்லிகிராம் உப்பே இருக்கும். அப்படியே குடிக்கலாம் என்று தோன்றினாலும் அதில் கல்சியம் மிகக் குறைவு. நீர் சற்று அமிலத்தன்மை கொண்டு உலோகக் குழாய்களை அரிக்கும். சுண்ணாம்புக்கல் நிரப்பிய தாங்கியினூடாக அதைச் செலுத்தினால் இரண்டு குறையும் தீரும். அதன் பின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கும்படி கலந்து விநியோகிக்க வேண்டும். கடல்நீரில் இயல்பாகவே லீற்றருக்கு 4 முதல் 5 மில்லிகிராம் போரன் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 2.4. மென்சவ்வு பழசாகும்போது இது கசியத் தொடங்கும் என்பதால், ஆய்வுகூடப் பரிசோதனைப் பட்டியலில் போரனைப் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

உவர்நீர் எங்கே போகும்?

முன்சொன்ன 18 கன மீற்றர் உவர்நீரின் செறிவு லீற்றருக்கு 58 கிராம் அளவு இருக்கும். அது கடல்நீரைவிடப் பாரமானது. அமைதியான நீரில் விட்டால் அடியில் படிந்து கிடக்கும். எக்காரணம் கொண்டும் அதை வாவிக்குள் விடக்கூடாது. கோடையில் முகத்துவாரம் மணல் மேவி அடைபட்டுக் கிடக்கும்போது வாவிக்கும் கடலுக்கும் இடையே நீர்ப்போக்கு இல்லை. விட்ட உப்பு அங்கேயே தங்கி, இறால் குஞ்சுகளையும் கடற்புற்களையும் வருத்தும். இறாலையும் நண்டையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் வயிற்றில் அடித்து இன்னொரு குடும்பத்துக்குக் குடிநீர் தருவது நியாயமாகாது. அலை புரளும் திறந்த கடலில், பல துளைகளுள்ள குழாய் வழியாகப் பரப்பி விட்டால் இவ்வளவு சிறிய அளவு விரைவில் கலந்துவிடும். குழாய் போகும் இடத்தைக் கரைவலைச் சம்மாட்டிமாருடன் (வலை உரிமையாளர்களுடன்) பேசித் தீர்மானித்த பின்னரே கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள நிலையத்துக்கு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்ததும் இதே அச்சத்தினால்தான். நமது நிலையம் அதனோடு ஒப்பிடத் தகாத சிறியது. ஆயினும் தம் கருத்துக் கேட்கப்படும் உரிமை கடற்றொழிலாளருக்கு இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

விலையும் மாரிக்கால மூடலும்

குடமொன்றுக்கான விலையில் மின்சாரம், திரி, இரசாயனம், இயக்குபவரின் சம்பளம் ஆகியவற்றோடு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மென்சவ்வு மாற்றும் செலவின் பங்கையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுங்கள். நன்கொடையால் கிடைத்த இயந்திரமாயினும் இந்தப் பங்கு தவறக்கூடாது; அதைத் தனி வங்கிக் கணக்கில் வைப்பிலிட வேண்டும். மென்சவ்வு தேயும் நாளில் நன்கொடையாளர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

மழை நன்றாகப் பிடித்து, கிணறுகளில் மீற்றர் 500க்குக் கீழே இறங்கியதும் நிலையத்தை மூடலாம். வெறுமனே நிறுத்திவைத்தால் மென்சவ்வில் பக்டீரியா வளர்ந்து நாறிவிடும், காய்ந்தாலும் பழுதாகும். நன்னீரால் கழுவிய பின் நூற்றுக்கு ஒரு பங்கு சோடியம் பைசல்பைற்றுக் கரைசலை நிரப்பி, காற்றுப் புகாமல் வால்வுகளை மூட வேண்டும். கரைசலின் அமிலத்தன்மையை மாதம் ஒருமுறை சோதித்து, பீ.எச். மூன்றை நெருங்கினால் புதுக்கரைசல் நிரப்புங்கள். கோடையில் மீண்டும் திறக்கும் நாளில் முதல் ஒரு மணி நேர நீரை வெளியே விட்டு, மீற்றர் எண்ணையும் மணத்தையும் பார்த்து, ஆய்வுகூட அறிக்கை கைக்கு வந்த பின்னரே முதற்குடத்தை நிரப்ப அனுமதியுங்கள்.