விற்கிற பொருளைப் பையில் போட்டுக்கொண்டு கேமரா வாங்கப் போங்கள்

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போனால் கேரளத்தின் கைத்தறி ஊரான பாலராமபுரம். எங்கள் மைனி (அண்ணி) அங்கே தறிக்காரர்களிடம் நேரில் போய், இரண்டு துண்டாக உடுத்தும் செட்டுமுண்டும் கசவுச் சேலையும் எடுத்து வந்து, குழித்துறையில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்கிறார். கூடவே வடசேரி கோவில் நகை, மார்த்தாண்டம் தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, போன் படம் போதாது என்று ஒரு கேமரா வாங்கினார். கடையில் இருந்ததிலேயே ஜூம் அதிகம் உள்ளது அதுதான் என்றார்கள்.

படம் எடுத்தால் சேலை சாம்பல் பூத்தது போல வந்தது. சரி என்று போனில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டினார். இப்போது சேலை பால் வெள்ளையாகிவிட்டது, கரையில் ஜரிகை இருந்த இடம் வெறும் மஞ்சள் பட்டை. வாங்கிய அம்மா ஒருவர், "நான் கேட்டது வெள்ளை, வந்தது சந்தன நிறம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கசவுத் துணி சலவை ஏற்றாத பருத்தி, அதன் நிறமே அதுதான். படம்தான் பொய் சொன்னது.

"நல்ல கேமரான்னுதான் சொன்னாவ மக்கா, அப்புறமும் ஏன் இப்பிடி வருது?" என்று மைனி என்னிடம் கேட்டார். நான் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கே தெரியவில்லை. மேசை மேல் அசையாமல் இருக்கும் பொருளைப் படம் எடுப்பது வேறு தொழில். கல்யாணத்துக்கு எது நல்ல கேமராவோ, அது இதற்கு நல்ல கேமரா ஆகிவிடாது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல்தான் பெரும்பாலானவர்கள் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள்.

முதல் தவறு மெகாபிக்சலைப் பார்த்து வாங்குவது. ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி. 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000×4000. ஆனால் அமேசானில் பொருளைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீளமான பக்கம் 1000 புள்ளி இருந்தால் போதும். ஈபே 1600 வைக்கச் சொல்கிறது. 1600×1600 சதுரப் படம் என்பது இரண்டரை மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பத்து வருடப் பழைய கேமராவே இதைத் தாராளமாகத் தரும். 24 மெகாபிக்சலிலிருந்து 45-க்குப் போகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வாங்குபவரின் போன் திரையில் எங்கேயும் தெரியாது.

ஜூம் இதைவிடப் பெரிய ஏமாற்றம். நாற்பது மடங்கு, ஐம்பது மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பது தூரத்து மரத்தில் இருக்கும் பறவைக்கு. மேசை மேல் இருக்கும் மூக்குத்திக்கு அது உதவாது, ஏனென்றால் ஜூமை முழுதாக நீட்டினால் அந்த மாதிரிக் கேமராக்கள் ஒரு மீட்டருக்கும் அதிகமாகத் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆகும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு கிட்டே போனால் ஃபோகஸ் கிடைக்கும், அப்போது பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் நானும் தவறினேன். மைனியிடம் அந்தக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லென்ஸை மாற்றிப் போடக்கூடிய ஒரு கேனான் டிஎஸ்எல்ஆர் வாங்கச் சொன்னேன். அதோடு, எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் வாங்கும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸையும் வாங்க வைத்தேன் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிதாகத் திறக்கும்). முகம் எடுக்க அருமையான லென்ஸ். ஆனால் அது 35 சென்டிமீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் விவரத்தில் உருப்பெருக்கம் 0.21 என்று போட்டிருக்கும், அதாவது பொருளின் நிஜ அளவில் 0.21 பங்குதான் சென்சாரில் விழும். அந்தக் கேமராவில் படத்தைப் பதிக்கும் சில்லான சென்சாரின் அகலம் 22.3 மில்லிமீட்டர். 22.3-ஐ 0.21-ஆல் வகுத்தால் 106. அதாவது எவ்வளவு கிட்டே போனாலும் படத்தின் குறுக்கே 106 மில்லிமீட்டர் இடம் விழும். அதற்குள் 8 மில்லிமீட்டர் மூக்குத்தி ஒரு பொட்டு மாதிரி கிடக்கும், குறுக்கே உள்ள 6000 புள்ளியில் அதன் பங்குக்கு வருவது 450 புள்ளிதான். கேமராவோடு பெட்டியில் வரும் சாதாரண 18-55 லென்ஸில் உருப்பெருக்கம் 0.36 உள்ள ஒரு மாடல் உண்டு. அதில் குறுக்கே 62 மில்லிமீட்டர்தான் விழும், மூக்குத்திக்கு 770 புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஒன்றுக்கு ஒன்று என்று போட்டிருக்கும் மேக்ரோ லென்ஸ் என்றால் அதே மூக்குத்திக்கு 2100-க்கு மேல். ஆக, ஜிமிக்கி அளவுள்ள பொருளுக்குப் பெட்டி லென்ஸே போதும். மூக்குத்தி, தோடு, பழைய நாணயம் விற்பவருக்கு மட்டும்தான் மேக்ரோ லென்ஸ் தேவை. சேலை மட்டும் விற்பவர் அதன் பக்கமே போக வேண்டாம்.

சின்னக் கேமராக்களில் ஒரு சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம் என்று விளம்பரம் இருக்கும். அது பெரும்பாலும் ஜூம் எதுவும் இல்லாத அகலக் கோணத்தில்தான் நடக்கும். அவ்வளவு கிட்டே போனால் கேமராவின் நிழலே நகை மேல் விழும், உருவமும் பிதுங்கித் தெரியும். போனைத் தேன் குப்பிக்கு முகத்தோடு முகமாக வைத்து எடுத்தால் குப்பியின் வயிறு ஊதித் தெரிவதும் இதே காரணத்தால்தான். தள்ளி நின்று 2 மடங்கில் எடுத்தால் குப்பி குப்பியாக வரும்.

அடுத்து, பின்னணி மங்கலாகத் தெரிந்தால்தான் நல்ல படம் என்ற நினைப்பு. மணப்பெண்ணின் முகத்துக்கு அது அழகு. கோவில் நகைக்கு அப்படியில்லை. எஃப் 1.8-இல் எடுத்தால் அட்டிகையின் நடுப்பதக்கத்தில் ஒரு சிவப்புக் கல் மட்டும் தெளிவாக இருக்கும், பக்கத்துக் கல் கரைந்துபோகும், பின்னால் இருக்கும் கொக்கி கண்ணுக்கே தெரியாது. வாங்குபவர் பார்க்க நினைப்பதே அந்தக் கொக்கியைத்தான். எஃப் 8 அல்லது 11 வைத்தால் முழு நகையும் தெளியும். 16-க்கு மேல் போனால் ஒளி வளைவதால் மொத்தப் படமும் லேசாக மழுங்கிவிடும். சென்சார் பெரிதாகப் பெரிதாக, அதே எஃப் எண்ணில் தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம், குறையும். அதனால்தான் ஃபுல் ஃப்ரேம் கேமரா வேண்டும் என்று கேட்பவர்களிடம் இந்த வேலைக்கு வேண்டாம் என்று சொல்கிறேன். 36×24 மில்லிமீட்டர் சென்சாருக்குப் பெரும் விலை கொடுத்துவிட்டு, அதன் விளைவோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

எஃப் 11 வைத்தால் வெளிச்சம் போதாதே என்பார்கள். பொருள் அசையப்போவதில்லை. ட்ரைபாடில் வைத்து, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100-இல் நிறுத்தி, இரண்டு நொடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டால் ஷட்டர் அரை நொடி திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. இருட்டில் எடுக்கும் திறன், நொடிக்கு இருபது படம், 4கே வீடியோ எல்லாம் எனக்குச் சோறு போடுகிற வசதிகள். மைனிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பணத்தில் கனமான ஒரு ட்ரைபாடும், நிறத்தைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள இரண்டு விளக்கும் வாங்கலாம்.

இப்போது அந்தச் சாம்பல் சேலைக்கு வருவோம். கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். திரை முழுக்க வெளிர் துணி இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். எடுக்கும்போதே, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்றிலிருந்து ஒன்றரை வரை கூட்டினால் துணி சரியாக வரும். ஜரிகை வெளுக்கிறதா என்று பார்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நிறத்துக்கு, ஒரு சாம்பல் அட்டையைத் துணி மேல் வைத்துக் கஸ்டம் வைட் பேலன்ஸ் எடுக்க வேண்டும், அதாவது இதுதான் சாயமில்லாத சாம்பல் என்று கேமராவுக்குக் காட்ட வேண்டும். மைனி முதலில் வாங்கிய கேமராவில் கஸ்டம் வைட் பேலன்ஸே இல்லை. கடையில் இந்த இரண்டையும் மெனுவில் காட்டச் சொல்லுங்கள், காட்ட முடியாத கேமராவை வாங்காதீர்கள்.

ஜன்னல் வெளிச்சத்தையும் டியூப் லைட்டையும் சேர்த்து எடுத்தால் எந்தக் கேமராவும் தோற்கும், துணியின் ஒரு பாதி நீலம், மறுபாதி பச்சை. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷும் ஆகாது, ஜரிகை கண்ணாடி மாதிரி வெளுத்துவிடும். மலிவான எல்இடி விளக்கில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 நொடியிலோ அதைவிட மெதுவாகவோ வைத்தால் பட்டை போய்விடும்.

நெருக்கமான கைத்தறி நெசவில் தண்ணீர் அலை மாதிரி ஒரு வரிக்கோலம் தோன்றுவதும் உண்டு. கூர்மை வேண்டும் என்று சென்சார் முன்னால் இருக்கும் மென்மையாக்கும் வடிகட்டியை எடுத்துவிட்ட கேமராக்களில், உதாரணமாக நிக்கான் டி7100-இல், இது அதிகம். ஓர் அடி தள்ளி வைத்தாலோ கோணத்தைச் சற்று மாற்றினாலோ பெரும்பாலும் மறையும். இன்னொன்று, மெனுவில் நிற வரம்பைக் குறிக்கும் கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். அடோபி ஆர்ஜிபியில் எடுத்தால் வலைத்தளத்தில் சிவப்புக் கல் மங்கலாகத் தெரியும்.

யாரும் யோசிக்காதது பின்பக்கத் திரை. சேலையைத் தரையில் விரித்து மேலிருந்து எடுக்கும்போது, திரை அசையாத கேமரா என்றால் ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்க்க வேண்டும். கேனான் 1500டி-யில் திரை அப்படித்தான், 200டி-யில் திறந்து திருப்பிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு முப்பது சேலை எடுக்கிற பெண்ணுக்கு இது இடுப்பு வலி சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய கேமரா வாங்க யோசிக்க வேண்டாம். எல்லோரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிக்கொண்டிருப்பதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. ஆனால் நம் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். ஜூனிலிருந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம், லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்குமுன் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். துணி பீரோவுக்குள் வைப்பதுதான் பலர் செய்வது, பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டையும், விற்கிற பொருளில் மிகச் சின்னதையும், மிக வெளிர் நிறத்ததையும் எடுத்துப் போங்கள். முதல் கேமராவுக்குப் பதில் வாங்கப் போனபோது மைனி ஒரு மூக்குத்தியும் கசவு முந்தி ஒன்றும் கொண்டுபோய், கடையின் கண்ணாடி மேசையிலேயே விரித்து, மூன்று கேமராவில் எடுத்துப் பார்த்தார். அங்கேயே முடிவு செய்யவில்லை. கார்டோடு வீட்டுக்கு வந்து, சேலையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, போன் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜரிகை இழை தனித்தனியாகவும் துணி அதே சந்தன நிறத்திலும் வந்தது மூன்றில் விலை குறைந்த, ஏற்கெனவே ஒருவர் உபயோகித்த 200டி-யில்தான். மறுநாள் போய் அதை வாங்கி வந்தார்.