ஒரே சேனலில் போலீஸும் ஃபயர் சர்வீஸும்: வேலூர் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய ஒயர்லெஸ் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கூட்டு ஒத்திகை நடந்தது. உள்ளே ரசாயனம் கசிகிறது என்று பாவனை. தீயணைப்பு வண்டி ஷெட் பக்கம் நிற்கிறது, போலீஸ் வாசலில் நிற்கிறது. இரண்டு தரப்பு கையிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் வாக்கி டாக்கி. ஐந்தாவது சேனல் பொதுச் சேனல் என்று செட்டின் முதுகில் சீட்டுகூட ஒட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து நிலைய அலுவலர் கூப்பிட்டார். வாசலில் நின்ற எஸ்.ஐ.யின் செட்டில் விளக்கு எரிந்தது, குரல் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார், மறுபடி விளக்கு மட்டும். மூன்றாவது தடவைக்கு அப்புறம் ஒரு வீரர் வியர்வை வழிய ஓடிவந்தார். "அய்யா, கேட்டைத் திறந்து ஆம்புலன்ஸை உள்ளே விடச் சொல்றாரு."

ஊர் காட்பாடி. ஒயர்லெஸ் செட் பழுது பார்ப்பதும் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் கருவி) பராமரிப்பதும் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. அன்று சாயங்காலம் இரண்டு செட்டையும் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். அலைவரிசை ஒன்றுதான், சப்-டோன் வேறு. நம் காதுக்குத் தெரியாத மெல்லிய முனகல் ஒன்று ஒவ்வொரு அழைப்போடும் போகும். அது பொருந்தினால்தான் எதிர்ச் செட் ஸ்பீக்கரைத் திறக்கும். ஒரு துறையின் செட்டை ஒரு வருடம் ஒருவர் புரோகிராம் செய்திருக்கிறார், மற்றதை வேறொரு வருடம் வேறொருவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவைகூட யாரும் பேசிப் பார்க்கவில்லை.

நான் பார்த்த வரையில் பொது ஒயர்லெஸ் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஒரே செட் வாங்கிவிட்டால் ஒன்றாகப் பேசிவிடலாம் என்று நினைப்பது முதல் தவறு. டிஜிட்டல் செட்டாக இருந்தால் கலர் கோட் (டோன் மாதிரி வேலை செய்யும் எண்), டாக் குரூப் (சேர்ந்து பேசும் செட்களின் குழு), மறையாக்கச் சாவி (மற்றவர் கேட்காதபடி பேச்சைப் பூட்டுவது) என்று பொருந்த வேண்டியவை இன்னும் கூடும். சாவி ஒரு பக்கம் மாறி இன்னொரு பக்கம் மாறாவிட்டால் அந்தச் சேனல் ஊமை. அதனால் இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே சேனல் பட்டியல் வேண்டும். சேனல் எண், பெயர், டோன், சாவி எல்லாம் அதில் இருக்கும். கடைசியாக யார் எந்தத் தேதியில் மாற்றினார் என்பதும் இருக்கும். அந்தப் பட்டியல் ஒரே ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் போலீஸா ஃபயரா என்பது எனக்கு முக்கியமில்லை. "அது அவங்க பாத்துப்பாங்க" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அந்த வீரர் ஓடிவர வேண்டியிருந்தது.

எல்லோரும் ஒரே சேனலில்

பொதுச் சேனல் கிடைத்ததும் எல்லோரும் அதிலேயே வந்து உட்கார்ந்துகொள்வது அடுத்த தவறு. நெரிசலை விலக்குகிற டிராஃபிக் காவலர், தண்ணீர் லாரியைத் தேடுகிற டிரைவர், கூட்டத்தைத் தள்ளுகிற ஏட்டு, புகைக்குள் தவழ்ந்து போகிற வீரர், எல்லோரும் ஒரே குழாயில்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, வெளியில் நிற்பவர்களுக்கு அது தெரியாது. சாதாரண எஃப்.எம். ஒயர்லெஸ்ஸில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்தினால் பலமான சிக்னல்தான் ஜெயிக்கும். வண்டியில் பொருத்திய செட் பெரும்பாலும் 25 வாட். கையில் பிடிக்கும் செட் 5 வாட்தான், அதுவும் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவிலிருந்து. "படிக்கட்டு இடியுது, வெளியே வர்றோம்" என்று உள்ளேயிருந்து ஒருவர் சொல்லும் அதே நொடியில், வெளியே ஜீப்பில் ஒருவர் "டிஃபன் எங்க வாங்கறது" என்று கேட்டால் டிஃபன்தான் எல்லோர் காதிலும் விழும். உள்ளே இருப்பவர் தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

தலைமை அதிகாரிகள் பேசிக்கொள்ள ஒரு பொதுச் சேனல் போதும். அதில் ஒரு துறைக்கு ஒருவர்தான் பேச வேண்டும். கட்டடத்துக்குள் போகிறவர்களுக்குத் தனிச் சேனல், அதுவும் ரிப்பீட்டர் வழியாகப் போகாமல் செட்டிலிருந்து செட்டுக்கு நேராகப் பேசும் டைரக்ட் மோட். மலைமேல் இருக்கும் ரிப்பீட்டருக்கு அடித்தளத்திலிருந்து சிக்னல் எட்டாமல் போகலாம். ஆனால் வாசலில் நிற்கும் சகாவுக்கு எட்டிவிடும். அந்தச் சகா அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கென்றே ஓர் ஆள்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். விமானங்கள் மோதிய உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்கென்றே ரிப்பீட்டர் ஒன்று இருந்தது. அதை முழுசாக இயக்க இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். இரண்டாவது அழுத்தப்படவில்லை என்று பிறகு விசாரணை ஆணையம் சொன்னது. சோதித்துப் பார்த்த அதிகாரிகள் அது பழுது என்று முடிவு கட்டி, வடக்குக் கோபுரத்தில் அதைப் பயன்படுத்தாமலே விட்டார்கள். கட்டடத்தின் நிலைமை பற்றி மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கை போலீஸ் ஒயர்லெஸ்ஸில் போனது. தீயணைப்பு அதிகாரிகளுக்கு அதைக் கேட்க வழியில்லை. எத்தனை தடவை படித்தாலும் அந்த இரண்டாவது பொத்தானில் என் மனசு நின்றுவிடுகிறது.

மேலா கீழா

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மைக்கை அழுத்திய உடனே பேசுகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அழுத்தியதும் செட் ஒலிபரப்பத் தொடங்கவும், ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளவும், கேட்கும் செட் ஸ்பீக்கரைத் திறக்கவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் முதல் அசை போய்விடும். சென்னையில் "அண்ணா நகர்" என்பது "ண்ணா நகர்" ஆனால் யாருக்கும் புரியும். இங்கே மேல்விஷாரம், கீழ்விஷாரம் என்று இரண்டு ஊர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மேல்மொணவூர், கீழ்மொணவூர் இருக்கின்றன. முதல் அசை விழுந்தால் மிஞ்சுவது "விஷாரம்", "மொணவூர்". வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?

அழுத்திவிட்டு மனசுக்குள் ஒன்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். ஊர்ப் பெயரை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டு தடவை சொல்லுங்கள். "குடியாத்தம் ரோடு" என்று மொட்டையாகச் சொல்வதும் ஆபத்து. காட்பாடியிலிருந்தும் குடியாத்தம் ரோடு போகிறது, பள்ளிகொண்டாவிலிருந்தும் போகிறது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, பக்கத்தில் எந்தப் பெட்ரோல் பங்க், எந்தக் கோயில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்களும் அப்படித்தான். பம்ப் இன்ஜின் இரைச்சலில் அறுபதும் எழுபதும் ஒன்றாகத்தான் கேட்கும். "ஆறு, சைபர்" என்று பிரித்துச் சொன்னால் தப்பாது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக் கத்துகிறவர்கள் இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்துச் சாதாரணக் குரலில் பேசினால் போதும்.

சங்கேதச் சொற்கள் ஒரு துறைக்குள் சௌகரியம்தான். இரண்டு துறை கலக்கும் இடத்தில் தமிழில் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலுக்கு அப்புறம், பல துறை கூடும் சம்பவங்களில் எண் குறியீடுகளை விட்டு எளிய மொழியில் பேச வேண்டும் என்று அரசே சொல்லிவிட்டது. ஒரே எண்ணுக்கு ஊருக்கு ஊர் வேறு அர்த்தம் இருந்ததுதான் காரணம்.

கண்ட்ரோல் ரூமை மறப்பது

களத்தில் இருப்பவர்களுக்குச் சேனல் போட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டு கண்ட்ரோல் ரூம்களும் ஒன்றோடொன்று பேச வழி செய்யாமல் விடுவார்கள். 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்தது. பிரிட்டனில் போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் பொதுவான டிஜிட்டல் ஒயர்லெஸ் அப்போதே இருந்தது. இருந்தும் தீயணைப்பு வீரர்கள் சம்பவ இடத்துக்கு வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண்ட்ரோல் ரூம்கள் சேர்ந்து பேச ஒரு டாக் குரூப்பை அன்றிரவு யாரும் ஏற்படுத்தவில்லை என்று விசாரணையில் வெளிவந்தது. ஆகவே பொதுச் சேனலைத் திறப்பது யார், எந்த நேரத்தில், எந்தச் சொல்லைச் சொல்லி என்று முன்கூட்டியே எழுதி இரண்டு கண்ட்ரோல் ரூம் மேஜையிலும் ஒட்டிவைக்க வேண்டும். பெரிய அதிகாரி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க விடக்கூடாது. ராத்திரி டூட்டியில் இருக்கும் காவலரே திறக்கலாம் என்று அதிகாரம் கொடுத்துவிட வேண்டும்.

2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. தேசிய நெடுஞ்சாலை 48 மூன்றின் வழியாகவும் போகிறது. பள்ளிகொண்டா வேலூர், கொஞ்ச தூரத்தில் மாதனூர் திருப்பத்தூர் மாவட்டம். எல்லையில் லாரி கவிழ்ந்தால் பக்கத்து மாவட்ட வண்டிதான் முதலில் வரும். அந்த வண்டியின் செட்டில் உங்கள் பொதுச் சேனல் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். வடக்கே கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திரா. அங்கே பக்கத்து மாநிலத்தாருடனும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

மலை, ஆறு

டவர் இருக்கிறது, ஆகவே எல்லா இடத்திலும் எடுக்கும் என்று நம்புவது இன்னொரு தவறு. வேலூரைச் சுற்றி மலை. மலைக்கு இந்தப் பக்கம் கணீரென்று கேட்பது அந்தப் பக்கம் சுத்தமாக இருக்காது. பீஞ்சமந்தை போகும் மலைப்பாதையிலும் பேர்ணாம்பட்டுக் கணவாயிலும் லாங் பஜார் கடைகளின் உட்புறத்திலும் ஆஸ்பத்திரி அடித்தளங்களிலும் கையில் செட்டோடு நடந்து பார்த்து, எடுக்காத இடங்களை வரைபடத்தில் சிவப்பில் குறிக்க வேண்டும். வண்டி ஆண்டெனாவை வைத்துச் சோதிப்பது பயன்படாது, இடுப்பில் செருகிய செட்டை வைத்துச் சோதியுங்கள்.

ஒருமுறை மலைமேல் ஒரு ரிப்பீட்டருக்குப் போனேன். மழை பெய்தால் வரம்பு பாதியாகிறது, வெயில் அடித்தால் சரியாகிறது என்று புகார். ஆண்டெனா கேபிளின் கனெக்டரைக் கழற்றினேன், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. நடு ஊசி பச்சை பிடித்திருந்தது. மேலே சுற்றியிருந்தது சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப். நம் வெயிலுக்கு அது இரண்டு கோடைக்குத் தாங்காது, பசை உருகி வாய் பிளந்துவிடும். தனக்குத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை முதலில் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப் சுற்ற வேண்டும். கேபிள் அறைக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும், தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும். சித்திரை இடிக்கு முன்னால் எர்த் அளந்துவிட வேண்டும். இதெல்லாம் சில்லறைச் செலவு. செய்கிறவர் யார் என்று எழுதாததால் வருடக்கணக்கில் கிடக்கும்.

ஆற்றையும் கணக்கில் வையுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது தரைப்பாலங்கள் மூழ்கின. அந்த மாதம் 19ஆம் தேதி பேர்ணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். ஆறு ஊரை இரண்டாக வெட்டும் நாளில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தனித்தனியே தலைமையும் சேனலும் வேண்டும். ரிப்பீட்டர் செத்தால் எந்த டைரக்ட் சேனலுக்குப் போவது என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது செல்போன் சேவை பல இடங்களில் படுத்துவிட்டது. படம் அனுப்ப வாட்ஸ்அப் நல்லது, உயிர் காக்கும் உத்தரவை அதில் அனுப்பாதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் விளம்பரத்தை நம்பாதீர்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று போடுவது பெரும்பாலும் 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பது, 90 சதவீதம் சும்மா இருப்பது என்ற கணக்கு. தீ விபத்தில் யார் சும்மா இருக்கிறார்கள்? வாங்கிய தேதியைப் பேட்டரியிலேயே எழுதுங்கள். கோடையில் ஜீப் டாஷ்போர்டில் வைக்காதீர்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைப் பக்கம் வேலை செய்பவர்களுக்குத் தனியாக. தோல் கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அது விஷம், தீயும் பிடிக்கும். அந்த மாதிரி இடத்துக்குள் கொண்டுபோகும் செட் தீப்பொறி ஆபத்து இல்லாதது என்று சான்று பெற்றிருக்க வேண்டும், பேட்டரியும் அப்படியே. சான்று பெற்ற செட்டில் மலிவான மாற்றுப் பேட்டரி மாட்டினால் அந்தச் சான்று செல்லாது. அங்கே பேட்டரியைக் கழற்றி மாட்டவே கூடாது.

தொலைந்த செட்டை மறைக்கிற பழக்கமும் இருக்கிறது. திட்டு விழும் என்று ஒரு வாரம் சொல்லாமல் தேடுவார்கள். அதற்குள் யாரோ பொதுச் சேனலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். டிஜிட்டல் அமைப்பில் அந்தச் செட்டை இருந்த இடத்திலிருந்தே முடக்கலாம். சொல்கிறவரைத் திட்டாமல் இருந்தால்தான் உடனே சொல்வார்கள்.

வாரத்துக்கு ஒரு நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கண்ட்ரோல் ரூம் பொதுச் சேனலில் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிடட்டும், போலீஸும் ஃபயரும் கலந்து. காட்பாடி, குடியாத்தம், பாகாயம், அணைக்கட்டு. யார் பதில் சொன்னார், குரல் எப்படி இருந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அணைக்கட்டிலிருந்து பதில் வராவிட்டால் போன் போட்டு "செட் ஆன்ல இருக்கா" என்று கேட்டுவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே ஓர் ஆள் அந்தச் செட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.