அம்மாவின் டிகாக்சின்: காலையில் நான் செய்வது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் காலை அம்மாவின் மணிக்கட்டில்தான் தொடங்கும். அம்மா சாப்பிடும் டிகாக்சின் இதயத் துடிப்பை மெதுவாக்கும் மாத்திரை, அதனால் கொடுக்கும் முன் நாடி பார்க்க வேண்டும். பால்மரம் சீவிக் காய்த்த கை. நாடி சட்டென்று கிடைக்காது. கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து, கடிகாரம் பார்த்து முழுசாக 1 நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா என்று தம்பி கேட்பான். தாளம் தப்பும் இதயத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. டாக்டர் எங்களுக்குச் சொன்ன எல்லை 60. அதற்குக் கீழே போனால் மாத்திரையைக் கொடுக்காமல் முதலில் கிளினிக்குக்குப் போன்.

அம்மாவுக்கு 0.25 மில்லிகிராம் மாத்திரையில் பாதிதான். டிகாக்சினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறுகல். ஒரு தீபாவளி வாரம் அம்மா தோசையைத் தள்ளிவைத்தார், குமட்டல் என்றார். நான் ஓமத்தண்ணீர் கொடுத்தேன், முட்டாள்தனம். மறுநாள் "விளக்கெல்லாம் மஞ்சளா தெரியுதே" என்றபோதுதான் ஓடினோம். ரத்தத்தில் மருந்து ஏறியிருந்தது, பொட்டாசியம் இறங்கியிருந்தது. அம்மா கூடவே சாப்பிடும் புருசமைட், உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மாத்திரை, சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அது குறைந்தால் டிகாக்சினின் நஞ்சு கூடும்.

புருசமைடைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், ராத்திரி இருட்டில் நடந்து விழ வேண்டாம். அப்புறம் எடை: எழுந்து சிறுநீர் கழித்ததும், பசியாறும் முன். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர், உடனே சொல்லுங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். இருமலுக்கு வேறு கிளினிக்குக்குப் போனால் மாத்திரை உறைகளை அப்படியே காட்டுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் டிகாக்சினை ரத்தத்தில் ஏற்றிவிடும்.