தமிழ் அப்பா, வங்காளி அம்மா, பொண்ணுக்கு பேர் கிடைச்ச விதம்

மூணு வாரம் இழுத்துச்சு. இங்கிலீஷ்ல அறுபது பேர் டைப் பண்ணி ரெண்டு வீட்டுக்கும் அனுப்புனா எல்லாம் நல்லாருக்குன்னாங்க, ஆனா போன்ல சொல்லிப் பாத்தா மாமியார் வாயில கவிதா 'கொபிதா', யமுனா 'ஜொமுனா', யாழினிக்கு அந்த ழ வரவே இல்ல. அவங்க கேட்ட Gargi-ய தமிழ்ல கார்கின்னு எழுதிக் காட்டுனா எங்கம்மா காக்காவோட 'கா' போட்டு படிக்கிறாங்க. நியூமராலஜி பாத்ததும் வேஸ்ட்.

கடைசில லிஸ்ட மூடிவச்சிட்டு, எங்கம்மா, மாமியார் ரெண்டு பேரையும் குழந்தைய கூப்பிடற மாதிரி வாய்ஸ் நோட் அனுப்ப சொன்னேன். முக்கியமா கவனிச்சது, வ, ய, ழ, குறில் 'அ' இருந்தா மாமியார் வாயில பேர் மாறுது. நெடில்ல ஆரம்பிக்கிற மாலினி ரெண்டு குரல்லயும் அப்படியே இருந்துச்சு. வீட்ல கூப்பிடற டாக்நாம் மட்டும் மாமியார் இஷ்டம், 'மிஷ்டி'ன்னு வெச்சிட்டாங்க.

பர்த் சர்டிபிகேட்டுக்காக அவசரப்படாதீங்க, பேர் இல்லாமலே பதிஞ்சிட்டு 12 மாசத்துக்குள்ள ஃபீஸ் இல்லாம சேத்துக்கலாம்.