பேலம் குகைக்குள் வியர்க்காமல் போக முடியாது

குகை என்றால் குளிரும் என்று ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு ஆந்திராவின் பேலம் குகைக்குப் போகாதீர்கள். உள்ளே வெக்கையும் ஈரப்பதமும் அதிகம். வியர்வை உலராததால் உடல் சூடு இறங்காது. மயக்கம் வருவது இதனால்தான். மெல்லிய பருத்தி உடை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். நுழைவதற்கு முன்பே கொஞ்சம் குடித்துவிடுங்கள்.

3,229 மீட்டர் நீளக் குகையில் பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். வெளிக்காற்றை உள்ளே செலுத்தக் குழாய்கள் உண்டு. மூச்சு வாங்கினால் அவற்றின் அருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நிலத்தடி நீரோடையான பாதாள கங்கைதான் கடைசி சோதனை: இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

ரப்பர் பிடிமானமுள்ள ஷூ அவசியம். சில இடங்களில் கூரை தாழ்வு. முதுகுப் பையை முன்னால் மாட்டினால் உரசாது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் பனிக்கும். அரை மணி நேரம் முன்பே ஏசி காற்றிலிருந்து விலக்கி, பையிலேயே வைத்திருங்கள்.

சப்தஸ்வர குகை என்ற பகுதியில், கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தட்டினால் இசை போல ஒலிக்கும். வழிகாட்டி தட்டிக் காட்டுவார், கேளுங்கள். நீங்கள் தட்ட வேண்டாம். விழுது ஒரு சென்டிமீட்டர் வளர நூறாண்டுகூட ஆகலாம். கை எண்ணெய் படிந்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது, கறுத்தும் போகும். குழந்தைகளின் கையைப் பிடித்தே நடத்துங்கள்.