தஞ்சையிலிருந்து சென்னைக்கு இரவு ரயில்: முன்பதிவு முதல் இறங்கும் வரை

காவிரிப் படுகையிலிருந்து சென்னைக்கு இரவில் செல்வோருக்கு மூன்று ரயில்கள் நன்கு பழக்கமானவை. உழவன் தஞ்சாவூரில் புறப்பட்டுக் கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் வழியாகச் செல்கிறது. மன்னை மன்னார்குடியில் புறப்படுகிறது. மலைக்கோட்டை திருச்சியில் புறப்பட்டு அரியலூர், விருத்தாசலம் வழியாகச் செல்கிறது. தெற்கிலிருந்து வந்து நம் ஊர்களைத் தொட்டுச் செல்லும் ரயில்களும் உண்டு என்றாலும், நம் பக்கத்திலேயே புறப்படுகிற ரயிலை முதலில் பார்ப்பதே நல்லது. புறப்படும் நிலையத்துக்குப் பொது ஒதுக்கீட்டில் அதிக இடங்கள் கிடைப்பதால், அங்கே காத்திருப்போர் பட்டியல் வேகமாக நகரும். இடைநிலையங்களுக்கான சிறிய ஒதுக்கீட்டில் பத்தாவது எண்ணில் இருந்தாலும் இடம் கிடைக்காமல் போகக்கூடும்.

முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 அக்டோபர் 31 வரை இது 120 நாட்களாக இருந்தது. முகூர்த்த நாட்களும், பொங்கல், தீபாவளி முடிந்து ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளும் அன்று காலையிலேயே தீர்ந்துவிடுவதால், அழைப்பிதழ் அச்சாகும் வரை காத்திராமல் தேதி முடிவானதுமே பதிவு செய்துவிட வேண்டும். விட்டுவிட்டால் தத்கல் எனப்படும் கடைசி நேர முன்பதிவுதான் வழி: முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும், 11 மணிக்குத் தூங்கும் வசதி வகுப்புக்கும் அது திறக்கும். இணையத்தில் எடுப்பவர்கள் தங்கள் கணக்கை ஆதாருடன் இணைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது 2025 ஜூலை முதல் கட்டாயம். இதைப் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செய்ய முற்பட்டால் பயணம் பேருந்தில்தான் முடியும். உறுதியான தத்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

இரவுத் தூக்கம் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் படுக்கை எண்ணே தீர்மானிக்கிறது. தூங்கும் வசதிப் பெட்டியில் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும்: 1, 4 கீழ், 2, 5 நடு, 3, 6 மேல், 7 பக்கவாட்டுக் கீழ், மீதி இல்லையென்றால் பக்கவாட்டு மேல். நடுப் படுக்கையை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரித்து வைக்கலாம் என்பது விதி. மற்ற நேரத்தில் கீழே இருப்பவர் உட்கார வேண்டுமென்றால் அதை மடக்கிவிட வேண்டும். ஆர்ஏசி, அதாவது முழுப் படுக்கை உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும் கிடைத்தவர்கள் இருவர் ஒரு பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையைப் பகிர்ந்துகொள்ள நேரும். யாரேனும் வராமல் போனால் பரிசோதகர் முழுப் படுக்கை தருவார் என்பதால், அவர் வரும்வரை விழித்திருப்பது பயன் தரும்.

அறுபது வயது நிறைந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கெனத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒரே சீட்டில் இருவருக்கு மேல் இருந்தால் அது பொருந்தாது. குடும்பத்தில் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டு எடுத்துவிட்டு, முழங்கால் வலியுள்ள தாத்தாவை மேலே ஏறச் சொல்வதைவிட, தாத்தா பாட்டிக்குத் தனியாக ஒரு சீட்டு எடுப்பதே அறிவு. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. படுக்கை ஒதுக்கீடு மட்டும் தொடர்கிறது.

காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்ட இணையச் சீட்டு, சார்ட் எனப்படும் இறுதிப் பயணிகள் பட்டியல் தயாரானதும் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது.

கையில் ஒரு போர்வை அவசியம், ஏனெனில் தூங்கும் வசதி வகுப்பில் விரிப்பு, தலையணை எதுவும் இலவசமாகத் தரமாட்டார்கள். மார்கழி, தை மாதங்களில் சன்னலோரக் குளிர் லேசானதன்று. கைபேசியை ஏறியதுமே மின்னேற்றிவிடுங்கள், இரவு 11 முதல் காலை 5 வரை அந்த இணைப்பை நிறுத்திவிடுவார்கள். சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொள்வதும், இல்லையெனில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோடு ஏறுவதும் உத்தமம்.

விழுப்புரத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஒற்றைப் பாதை என்பதால், எதிர்வரும் ரயிலுக்கு வழிவிட்டு நடு இரவில் எங்கேனும் நின்றால் பதற்றப்பட வேண்டியதில்லை.

எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணிகளால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதுண்டு. ஆகவே சீட்டில் இறுதி நிலையம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் இறங்குவோர் செங்கல்பட்டைத் தாண்டியதுமே பையை எடுத்து வைக்கலாம். எழும்பூரில் மெட்ரோ ஐந்து மணிக்குத்தான் தொடங்கும் என்பதால், அதற்கு முன் வந்து சேர்ந்தால் பயணிகள் அறையில் சிறிது காத்திருப்பது, அந்நேரத்து ஆட்டோக் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

திரும்பும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் ரயிலில் விழுப்புரம் போன்ற இடைநிலையங்களில் நள்ளிரவுக்குப் பின் ஏறுபவர்கள் மறுநாள் தேதியிட்டே பதிவு செய்ய வேண்டும். மயிலாடுதுறையிலும் கும்பகோணத்திலும் இறங்குவோர் விடியுமுன் எழ வேண்டியிருப்பதோடு, ரயிலும் அங்கே நெடுநேரம் நிற்காது. கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வதோடு, 139 எண்ணில் எழுப்பிவிடும் சேவையையும் கேட்டு வைக்கலாம்.